பைக் ஓட்டும்போது ஹேண்டில்பார் அதிர்ந்து கை மரத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

முதலில் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் ஏறும். தொடையால் டேங்கை அணைத்து உட்கார்ந்தால் கையில் பாரம் குறையும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் பெரும்பாலும் உள்ளங்கையின் வெளியோரம் அழுந்துகிறது. கட்டைவிரல் பக்கம் என்றால் மணிக்கட்டு அதிகம் வளைகிறதா பாருங்கள். லீவர்களை முன்கைக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.

அப்புறம், ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். நடுக்கம் மாறினால் அது எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சினை வண்டியோடு பிணைக்கும் மவுண்ட் போல்ட்டுகளைச் சரிபாருங்கள். ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் கனமான எடையை (பார் எண்ட் வெயிட்) போட்டால், ஹேண்டில்பார் எஞ்சினோடு ஒத்து அதிகமாக அதிரும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தை விட்டு விலகும். என்னைக் கேட்டால் கையுறையை விட இதுதான் பலன் தரும். கியர் மாற்றியும் நடுக்கம் மாறாவிட்டால் டயர் காற்று, வீல் பேலன்ஸைப் பாருங்கள்.

வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.