அரசு மானியம் கொடுத்தால் தானிய நிறுவனங்களின் உற்பத்தித்திறன் கூடுமா?

மானியம் என்றால் ஒரு செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வது. உற்பத்தித்திறன் வேறு விடயம்: அதே நெல், அதே ஆட்கள், அதே மின்சாரம், வெளியே வரும் அரிசி எவ்வளவு? நல்ல ஆலையில் 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும். தேய்ந்த இயந்திரத்தில் அது குறையும், குறுணலும் அதிகம் விழும்.

பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. புதிய இயந்திரம் வாங்கக் கொடுத்தால் திறன் கூடும். ஆண்டுதோறும் நட்டத்தை அரசே அடைத்தால், முதலாளி ஏன் இயந்திரத்தை மாற்றப்போகிறார்?

இலங்கையின் மலையகத்தில் இதை விளக்கத் தேயிலை மலையே போதும். பேர் விழுந்தால், அதாவது அன்றைய வேலை கணக்கில் பதிவானால், நாட்சம்பளம். குறித்த அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்காசு. எந்தக் காசு கையை வேகமாக்கியது என்று, தராசடியில் கொழுந்தை இறக்கும் எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார். (எங்கள் பாட்டி இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.)

உர மானியமும் அப்படித்தான். 2005இல் நெல் விவசாயிகளுக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. மலிவாகக் கிடைத்ததால் தேவைக்கு மேல் இட்டவர்களும் உண்டு. பயிர் ஓரளவுக்குத்தான் உண்ணும். மிச்சம் மழையோடு போகும்.

உற்பத்தி கூடினாலே உற்பத்தித்திறனும் கூடியதாகப் பலர் எண்ணுகிறார்கள். மானியத்தால் இரண்டு ஆலை நான்கானால் அரிசி மூட்டைகள் பெருகும், ஒரு கிலோ நெல்லில் கிடைக்கும் அரிசி அப்படியே இருக்கும்.