சூடேறினால் சோரும் பம்ப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் டிப்பர் காலையில் கல் ஏற்றிய பெட்டியை ஒழுங்காகத் தூக்குகிறது. மத்தியானத்துக்குப் பிறகு பாதியில் நின்றுவிடுகிறது. பெட்டியைத் தூக்கும் ஒயில் பம்புக்குக் கராச்சில் கேஜ் போட்டுப் பார்த்து, "பிறஷர் வருகுது, பம்பில் பிழையில்லை" என்கிறார்கள். இன்னொருவர் பம்பை மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: கேஜை மட்டும் வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. வழியை அடைத்துவிட்டால் தேய்ந்த கியர் பம்பும் பிறஷர் காட்டும், அதுவும் ஒயில் குளிராக இருக்கும்போது. பார்க்கவேண்டியது, சுமையின்கீழ் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்பதை.

பம்புக்கும் வால்வ் பிளொக்குக்கும் இடையில் ஹோஸைக் கழற்றி, புளோ மீற்றர் (ஓடும் ஒயிலை அளப்பது), கேஜ், சுமை வால்வ் (மூட மூடப் பம்புக்குச் சுமை ஏற்றுவது) மூன்றையும் பூட்டி, ஒயிலைத் தாங்கிக்குத் திருப்புங்கள். பிறஷர் எல்லை மீறினால் ஒயிலைத் திறந்துவிடும் வண்டியின் ரிலீஃப் வால்வ் இப்போது வழியில் இல்லை. ஆகவே சுமை வால்வுக்கு முன்னால் தனியாக ஒரு ரிலீஃப் வால்வ் கட்டாயம் வேண்டும். இல்லாமல் சுமை வால்வை முழுதாக மூடினால் ஹோஸ் வெடிக்கும், அல்லது பம்ப் உடையும்.

சுமை வால்வை முழுதாகத் திறந்து ஓடவிட்டு, பிறகு சிறிது மூடி ஒயிலை 50 பாகைக்குச் சூடாக்குங்கள்; சூடானதும் மறுபடி திறவுங்கள். ஒரு சுற்றுக்கு 50 சிசி தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு 1000 சுற்றில் கணக்குப்படி 50 லீற்றர் தரவேண்டும். சுற்றைப் பம்பின் அச்சில் அளக்கவேண்டும், எஞ்சின் மீற்றரில் அல்ல. பிறகு சுமை வால்வை மூடி பிறஷரை 50, 100, 150 பார் என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் சுற்றை மறுபடி 1000க்குக் கொண்டுவந்து லீற்றரைக் குறியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: சுமையில் எஞ்சின் தளர்ந்து குறையும் லீற்றரைப் பம்பின் கசிவு என்று எழுதிவிடுகிறார்கள்.

150 பாரில் 44 லீற்றர் வந்தால் பம்பைத் தொடவேண்டாம். ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசு இருக்கிறதா, சிலிண்டர் சீல் போய்விட்டதா என்று பாருங்கள். 40க்குக் கீழே இறங்கினால் கியரின் பக்கத் தகடுகள் தேய்ந்துவிட்டன. சுமையே இல்லாதபோதும் குறைவாக வந்து, சரளைக்கல் உருளும் சத்தமும் கேட்டால் கோளாறு உறிஞ்சும் பக்கத்தில்: அடைபட்ட ஸ்ட்ரெயினர் (வடிகட்டி), உள்ளே சுருங்கிய ஹோஸ். ஒயில் பால்போல் நுரைத்தால் எங்கோ காற்று இழுக்கிறது.

உங்கள் வண்டியில் பம்ப் தேய்மானத்துக்குத்தான் சாத்தியம் அதிகம். 46 தர ஒயிலின் பாகுமை (ஒயிலின் தடிப்பு) 40 பாகையில் 46 சென்டிஸ்டோக்ஸ். 70 பாகையில் ஏறத்தாழ 15. மெலிந்த ஒயில் தேய்ந்த இடுக்கால் தப்பிவிடும். 68 தரத்துக்கு மாறுவது சில வாரம் தாக்காட்டும், அவ்வளவே.

கேள்வி: பம்பின் வினைத்திறனை 0.95 என்று வைத்துக் கணினி மாதிரி செய்தேன். ஆய்வுகூட அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை. அமுக்கமும் மாதிரியில் மிக வேகமாக ஏறுகிறது. ஏன்? (பொறியியல் மாணவி, கிளிநொச்சி)

பதில்: வினைத்திறனை மாறிலியாக வைக்காதீர்கள். கசிவு அமுக்கம் ஏறினாலும் கூடும், பாகுமை குறைந்தாலும் கூடும். மேலே உள்ள அளவீட்டையே எடுங்கள்: 150 பாரில் 50க்கு 44 வந்தால் 6 லீற்றர் கசிகிறது, பாருக்கு 0.04. அது 50 பாகைக்குரியது. 70 பாகையில் பாகுமை ஏறத்தாழப் பாதி, ஆகவே 0.08, மொத்தம் 12 லீற்றர்.

அமுக்கம் வேகமாக ஏறக் காரணம், ஒயிலில் காற்றே இல்லை என்று எடுத்துக்கொண்டது. வளிமண்டல அமுக்கத்தில் 1 சதவீதக் காற்று கலந்திருந்தால், 10 பாரில் பல்க் மொடுலஸ் (ஒயில் அமுங்க மறுக்கும் அளவு) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். 150 பாரில் அந்தப் பாதிப்பு மிகச் சிறிது. றப்பர் ஹோஸ் விரிவதையும் சேருங்கள். நீளமான ஹோஸ் என்றால் அதுவே காற்றைவிடப் பெரிய காரணமாக இருக்கும்.