காய்ச்சலே வரவில்லை, ரிசல்ட் மட்டும் பாசிட்டிவ்!

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். பொங்கல் லீவுக்கு சிவமொக்கா மாவட்டத்துத் தீர்த்தஹள்ளியில் மாமனாரின் பாக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். சர்வே என்று வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள், நானும் கையை நீட்டினேன். இப்போது 'குரங்குக் காய்ச்சல் ஐஜிஜி பாசிட்டிவ்' என்கிறார்கள். இரண்டு வருஷம் முன்பு டெங்கு வந்ததோடு சரி. குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமா? நான் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: தொற்றாது. இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. பெரும்பாலும் காட்டு உண்ணி கடித்துத்தான் வருகிறது. ஐஜிஜி என்பது உடம்பு எப்போதோ ஒரு கிருமியை எதிர்த்ததற்கு ரத்தத்தில் மிஞ்சும் ஆன்டிபாடி, அதாவது பழைய தடம். காய்ச்சல் இல்லாத உங்களுக்கு மாத்திரை எதற்கு?

அந்தத் தடம் எதனுடையது என்பதுதான் விஷயம். 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது இந்த வைரஸ். கன்னடக்காரர்கள் 'மங்கன காயிலெ' என்பார்கள். இதுவும் டெங்குவும் ஃபிளேவி வைரஸ் குடும்பத்துப் பங்காளிகள். அதனால் டெங்குவுக்கு உருவான ஆன்டிபாடி இதன் ஆன்டிபாடியைத் தேடும் எலைசா ரத்த டெஸ்ட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளலாம். பிரித்துச் சொல்ல, ஆன்டிபாடி இந்த வைரஸை முடக்குகிறதா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன் டெஸ்ட் வேண்டும். அதற்கு உயிருள்ள வைரஸைக் கையாளும் உயர் பாதுகாப்பு லேப் தேவை. தெருமுனை லேபில் நடக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊரில் 1000 பேர், உண்மையில் தொற்று கண்டவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் 100க்கு 90 பேரைச் சரியாகப் பிடிக்கும், தொற்றாதவர்களில் 100க்கு 5 பேரைத் தப்பாகக் காட்டும் என்றால், நிஜ பாசிட்டிவ் 18, பொய் பாசிட்டிவ் 49, ஆக மொத்தம் 67! சர்வே நடத்துபவர்களுக்கு இது பிரச்சினையில்லை. டெஸ்ட்டின் பிழை அளவு தெரியும் என்பதால் 67இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு 20க்கு வந்துவிடுவார்கள். ஆனால் அந்த 67 பேரில் நீங்கள் நிஜமா பொய்யா என்று அவர்களாலும் சொல்ல முடியாது. அவர்கள் தேடுவது ஊரின் நிலவரத்தை: யார் சருகு பொறுக்கப் போகிறார்கள், யார் முன்பு தடுப்பூசி போட்டார்கள், காய்ச்சல் தெரியாமலே எத்தனை பேரைத் தொட்டுப் போயிருக்கிறது என்று. விருந்தாளியான உங்களை அதில் சேர்த்ததே சரியில்லை என்பேன்.

எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்று இந்த பாசிட்டிவை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். டிசம்பர் முதல் மே வரை உண்ணிக் காலம். தோட்டத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள், உண்ணியை விரட்டும் டெபா எண்ணெய் தடவுங்கள், வந்ததும் சுடுநீரில் குளித்து உடம்பெல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்த பத்து நாளுக்குள் காய்ச்சல் என்றால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக 'தீர்த்தஹள்ளிப் பக்கம், மலநாட்டுக்குப் போயிருந்தேன்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே டெங்கு டெஸ்ட்டோடு நிறுத்திவிடுவார்கள்.