அப்பளத்தைக் கையால் வைக்காதே என்றானாம்

கேள்வி: எனக்கு வயது 47. வலது கைக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம் மஞ்சளும் பழுப்புமாகத் தடித்து, ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறது. ஒன்றரை வருடமாக இப்படித்தான். நகக்கண்ணும் அடிக்கடி வீங்கி வலிக்கும். மருதாணி, மஞ்சள், எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாயிற்று. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைப் போட்டால் நாலு நாள் வீக்கம் வற்றுகிறது, பிறகு பழைய கதைதான். தோல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது லிவரைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பத்து நாளில் நிறுத்திவிட்டேன். 25 வயது மகனுக்குப் பெண் பார்க்கிறோம். வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கக் கையை நீட்டவே கூச்சமாக இருக்கிறது. மகனே அப்பளத்தைக் கையால் வைக்காதே, இடுக்கியால் வை என்கிறான். என் நகம் பழையபடி ஆகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: மருந்தைப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் மகனைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

அந்த அப்பளத்தை அவன் எந்தத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறான்? நீங்கள் கழுவி வைத்த தட்டில். அவனுக்கு ஊற்றுகிற ரசத்துக்குப் புளி கரைத்தது எந்த விரல்கள்? கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். நோய் வந்ததாக நீங்கள் எழுதியிருக்கும் அதே மூன்று விரல்கள்தான், சகோதரி. அரிசி களைவதும், மீன் அலசுவதும், அடிப்பிடித்த பாலைச் சுரண்டுவதும், சட்டைக் காலரைக் கசக்குவதும் இவைதான். அவனுக்காக ஈரத்தில் ஊறி ஊறிக் கெட்ட நகத்தைப் பார்த்து அவன் முகம் சுளிக்கிறான். நீங்களோ அவன்மேல் கோபப்படாமல் உங்கள் கையைப் பார்த்து வெட்கப்படுகிறீர்கள்.

நகத்தின் அடியில், தோல் வந்து ஒட்டுகிற இடத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கிறது. தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து வைப்பது அதுதான். நாள் முழுக்கத் தண்ணீரும் பாத்திர சோப்பும் பட்டால் அது ஊறிப் பிய்ந்துபோகும். பிறகு அந்த இடுக்கில் ஈரம் தங்கும், நகக்கண் வீங்கும், பூஞ்சை குடியேறும். கால் நகத்தில் பெரும்பாலும் படர்தாமரையை உண்டாக்கும் வகைப் பூஞ்சைகளே வரும். ஈரத்திலேயே இருக்கும் கைகளில் கேண்டிடா என்ற வகையும் சேர்ந்துகொள்ளும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் பலருக்கே வாயிலும் குடலிலும் அது இருக்கிறது. நீங்கள் அப்பளம் எடுத்து வைத்ததால் அவன் நகம் கெட்டுவிடாது என்று அவனிடம் சொல்லுங்கள். நகவெட்டியையும் துண்டையும் மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது, சாப்பிட்ட தட்டைக் கழுவி வை என்று அவனிடம் சொன்னதுண்டா? உங்கள் கணவரிடம்? சொல்லியிருந்தால் 'இடுக்கியால் வை' என்ற வார்த்தை அவன் வாயில் வந்திருக்காது. பெற்றவளின் கை வீங்கிக் கிடக்கும்போது அந்த வேலையை வாங்கிக்கொள்வது பிள்ளையின் கடமை. மகள் என்றால் செய்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? மகனுக்கும் அதே கடமைதான், ஒரு துளியும் குறையாது. சம்பளத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் அது தீர்ந்துவிடாது. இதைக் கற்றுக்கொடுக்காமல் அவனுக்குப் பெண் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. யாரோ பெற்று வளர்த்த பெண்ணைக் கூட்டிவந்து அதே தொட்டி முன்னால் நிறுத்தப்போகிறீர்கள். அவள் நகம் மட்டும் இரும்பா?

வைத்தியத்துக்கு வருகிறேன். மெடிக்கல் க்ரீமை நிறுத்துங்கள். அப்படிக் கேட்டு வாங்குகிற க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது வீக்கத்தை அமுக்கும். பூஞ்சை இருந்தால் அதற்கும் வசதியாகப் போய்விடும். புண்ணான நகக்கண்ணில் எலுமிச்சைச் சாறு எரிச்சலைத்தான் கூட்டும். மருதாணியும் வேண்டாம். டாக்டர் பார்க்க வேண்டிய நிறத்தை அது மூடிவிடும்.

பத்து நாளில் மாத்திரையை நிறுத்தினீர்களே, அதற்கும் திட்டத்தான் வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர 6 மாதம் ஆகும். கெட்டுப்போன நகத்தை எந்த மருந்தாலும் நல்ல நகமாக மாற்ற முடியாது. அது வளர்ந்து வெட்டுப்பட்டுப் போக வேண்டும். கை நகத்துக்கு டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கான மாத்திரை கொடுத்தால் வழக்கமாக 6 வாரம் சாப்பிடச் சொல்வார்கள். லிவர் பயம் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் பெரிய பாதிப்பு அரிது. அதற்காகத்தான் முதலிலேயே ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சாப்பிடும் நாட்களில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, பசி அடியோடு போவது, இவற்றில் எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். லிவரைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

திரும்பவும் அதே தோல் டாக்டரிடம் போங்கள். பாதியில் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். நகத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். தடித்து மஞ்சளான நகமெல்லாம் பூஞ்சை இல்லை. சோரியாசிஸ் என்ற தோல் நோய் வந்த நகமும் பார்த்தால் இப்படியே இருக்கும். பூஞ்சைதான் என்றாலும் எந்த வகை என்பதைப் பொறுத்து மாத்திரை மாறும். கேண்டிடாவுக்கு டெர்பினாஃபினைவிட இட்ராகோனசோல் நன்றாகக் கேட்கும். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். 47 வயதில், ஆறாத நகக்கண்ணை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் இருப்பது தவறு. கால் நகங்களையும் காட்டுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தால், பூஞ்சை என்று எண்ணித் தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள்.

ரப்பர் கையுறை போட்டால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் போடுங்கள். ரப்பர் மட்டும் என்றால் வியர்வையிலேயே கை ஊறிவிடும். ஆனால் கையுறையைக் காட்டி வீட்டார் நழுவ விடாதீர்கள். நகம் முழுதாக வளர்ந்து வரும்வரை பாத்திரமும் துணியும் உங்கள் வேலை இல்லை. இரவுப் பாத்திரம் மகனுக்கு, காலைப் பாத்திரம் அவன் அப்பாவுக்கு. தேய்க்கத் தெரியாது என்றால் இரண்டு நாள் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லிக்கொடுங்கள். குக்கரில் பருப்பு ஒட்டியிருந்தாலும் நீங்கள் கை வைக்கக் கூடாது. பெண் பார்க்கும் வேலை அதுவரை காத்திருக்கட்டும்.

டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். மகன் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப் போகட்டும், உள்ளேயும் கூடவே வரட்டும். "கையை ஈரத்தில் வைக்காதீங்க" என்று அவர் கட்டாயம் சொல்வார். அதை அவன் காதால் கேட்க வேண்டும்.