தாராவிக்காரர்கள் ‘ஹோம்லெஸ்’ஸா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. மும்பையைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘தாராவியின் ஹோம்லெஸ் மக்கள்’ என்று எழுதியிருந்தாள். நாங்களே பல வருஷம் தாராவியில் குடியிருந்தவர்கள்தான். படித்ததும் மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தச் சொல் அங்கே பொருந்துமா?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: பொருந்தாதும்மா. உங்கள் சங்கடம் நியாயமானது. பத்துக்குப் பத்து அறையோ, தகரக் கூரையோ, பூட்டிவிட்டு வேலைக்குப் போய் ராத்திரி வந்து திறக்க ஒரு கதவு இருக்கிறது. ரேஷன் கார்டும் கரன்ட் பில்லும் அந்த விலாசத்தில்தான் இருக்கின்றன. தோல் வேலை, மண்பாண்டம், இட்லி வியாபாரம் என்று இத்தனை தொழில் நடக்கிற ஓர் ஊரையே வீடில்லாதவர்கள் என்று ஒரு சொல்லில் எழுதுவது தப்பு. ‘ஸ்லம் ட்வெல்லர்ஸ்’ என்பது சட்டத்திலும் செய்தியிலும் புழங்குகிற சொல். அதுவும் வேண்டாமென்றால் ‘ரெசிடென்ட்ஸ் ஆஃப் தாராவி’ என்று எழுதச் சொல்லுங்கள், ஒரு குறையும் இல்லை. குடிசையை இடித்துவிட்டு மாற்று இடம் தராமல் விட்டால், அன்றைக்குத்தான் அந்தக் குடும்பம் ‘ஹோம்லெஸ்’ ஆகிறது.

பாலத்தடியிலும் ஸ்டேஷன் வாசலிலும் கடை மூடியபின் அதன் படியிலும் படுப்பவர்களைத்தான் நம் ஊரில் அந்தச் சொல்லால் குறிக்கிறோம். பிரிட்டனில் பொருள் இன்னும் விரிவு. நண்பர் வீட்டு சோபாவில் ஒண்டிக் கிடப்பவரும், அடி உதைக்குப் பயந்து சொந்த வீட்டில் இருக்க முடியாத பெண்ணும் அங்கே சட்டப்படி ‘ஹோம்லெஸ்’தான். வெட்டவெளியில் படுப்பவரைத் தனியாக ‘ரஃப் ஸ்லீப்பர்’ என்பார்கள். லண்டன் பத்திரிகையில் வருகிற எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அத்தனை பேரும் தெருவில் கிடக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் மும்பைக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ‘பேவ்மென்ட் ட்வெல்லர்’, நடைபாதைவாசி. 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் நடந்த வழக்கு இவர்களையும் குடிசைவாசிகளையும் பற்றியதுதான். மனு போட்டவர்களில் நம் சேலத்துக்காரர் ஒருவரும் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நிலமில்லாத விவசாயக் கூலி, வறட்சியில் வேலை போய் 1961-இல் பம்பாய் வந்தவர், தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய்க்கு வேலை பார்த்தவர். பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காக அவரிடம் குடிசைப் பகுதி தாதா ஒருவன் 2,500 ரூபாய் பறித்திருக்கிறான். அதில்தான் மனைவியும் மூன்று மகள்களும் அவரும் இருந்தார்கள். 1981 ஜூலை 23-ஆம் தேதி, நல்ல மழைக்காலத்தில், மாநகராட்சி அதை இடித்து, குடும்பத்தை சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டது. மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, பிழைப்புக்காக அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே ஒண்டிக்கொண்டார்.

இவருக்கு ஊர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, உழைக்கத் தெம்பு இருக்கிறது, பிழைப்பு இருக்கிற ஊரில் தலைக்கு மேல் கூரைதான் இல்லை. அதனால் ‘நடைபாதைவாசி’ என்ற சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது, அதில் அவர் வாழ்கிறார் என்பதாவது இருக்கிறது. சிலர் ‘வேக்ரன்ட்’ என்று எழுதுகிறார்கள். வேலைவெட்டி இல்லாமல் திரிபவன் என்று அர்த்தம், உழைத்துச் சாப்பிடுகிற மனிதரை அப்படிச் சொல்லவே கூடாது. பிழைப்புக்கு வழி தெரியாமல் பொது இடத்தில் சுற்றுவதையே பிச்சையெடுப்பதாகக் கணக்கில் வைத்தது 1959-ஆம் வருஷ பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், அந்தப் பார்வையோடு ஒட்டி வருகிற சொல் இது. தீர்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது, ஆனாலும் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஹவுஸ்லெஸ்’ என்று வருகிறதே, ‘ஹோம்லெஸ்’ஸும் அதுவும் ஒன்றா?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், முலுண்ட்

பதில்: பேச்சுவழக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான், தேர்வில் அப்படி எழுதாதீர்கள். ‘ஹவுஸ்லெஸ்’ என்பது கணக்கெடுப்பின் கலைச்சொல். கட்டடத்தில் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, ஹியூம் பைப் என்கிற பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தடி, மாடிப்படிக்கு அடி, கோயில் வளாகத்து வெட்டவெளி, ரயில்வே பிளாட்பாரம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் மட்டும் இதில் வருவார்கள். 2011-இல் பிப்ரவரி 28 ராத்திரி இவர்களைத் தேடிப் போய் எண்ணினார்கள், நாடு முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அந்த ஒரு ராத்திரி கண்ணில் படாமல் போனவர்கள் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: ‘தி ஹோம்லெஸ் இஸ்’ஸா, ‘ஆர்’ஆ?
– ஒரு வாசகர், மாடுங்கா

பதில்: ‘ஆர்’. ‘தி புவர்’ மாதிரியே பன்மை, ‘ஹோம்லெஸ்ஸஸ்’ என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு 2020 முதல் ‘தி ஹோம்லெஸ்’ என்று மொத்தமாகச் சொல்வதைத் தவிர்க்கச் சொல்கிறது, ‘ஹோம்லெஸ் பீப்பிள்’ என்று மனிதரையும் சேர்த்து எழுதினால் போதும். அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘அன்ஹவுஸ்டு’ என்பதும் இப்போது அடிக்கடி வருகிறது. பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், பரீட்சைக்கு ‘ஹோம்லெஸ் பீப்பிள்’ போதும்.