உள்நாட்டு விமானமே இல்லாத சிங்கப்பூர் எப்படி விமான மையமானது? கோவைக்கு அது சாத்தியமா?

உள்நாட்டுப் பயணிகள் இல்லாததால்தான் சிங்கப்பூர் அடுத்தவர் ஊர்ப் பயணிகளை நம்பி, அவர்கள் விமானம் மாறிச் செல்லும் மையமாக வளர்ந்தது. கோவையிலிருந்து மெல்போர்னுக்கு நேராக விமானம் விட்டால் பாதி இருக்கை காலியாகப் போகும். ஆனால் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளரும், பெர்த்தில் மகளைப் பார்க்கப் போகும் ஈரோட்டு அம்மாவும் கோவையின் பீளமேடு விமான நிலையத்தில் ஒரே ஸ்கூட் நிறுவன விமானத்தில் ஏறி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வெவ்வேறு விமானங்களுக்குப் பிரிந்து போகலாம். அந்தச் சின்ன விமானமும் நிறையும், அங்கிருந்து கிளம்பும் பெரிய விமானமும் நிறையும்.

இது நடக்க வேண்டுமானால் விமான நிலையமும் விமான நிறுவனமும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். ஒன்று இறங்கும் நேரத்துக்கு மற்றது கிளம்பும் நேரம் பொருந்த வேண்டும். இங்கே கொடுத்த பெட்டி கடைசி ஊரில் கைக்கு வர வேண்டும். புதிய தடத்தைத் தொடங்கும் நிறுவனத்துக்கு விமான நிலையங்கள் கட்டணச் சலுகையும் தருவதுண்டு. சாங்கியும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அந்நாட்டுச் சுற்றுலா வாரியமும் வெளிநாடுகளில் சேர்ந்தே விளம்பரம் செய்திருக்கின்றன.

சரி, கோவை? ஓடுபாதை 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரிவாக்க நிலமெடுப்போ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அப்புறம், எந்த வெளிநாட்டு நிறுவனம் எந்த ஊருக்கு வரலாம், வாரம் எத்தனை இருக்கை என்பதை நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. விமான நிலையம் மட்டும் விரும்பினால் போதாது. கோவை உடனே மையமாக வேண்டியதில்லை. சென்னை, பெங்களூரு மையங்களுக்கு நேரம் பொருந்தும் இணைப்புகளும் கூடுதல் சரக்கு வசதியும் கிடைத்தாலே நம் தொழில்களுக்குப் பெரிய பலம் என்பது என் கருத்து. முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.