கடிதத்துக்காகக் கட்டிய கப்பல்கள்

அன்புள்ள ஐயா,

துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். இரண்டு சந்தேகங்கள். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் ஆர்.எம்.எஸ் என்று பலகை இருக்கிறது. டைட்டானிக் கப்பலின் பெயருக்கு முன்னாலும் ஆர்.எம்.எஸ் என்று போடுகிறார்கள். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அடுத்தது, 1845இல் நடந்த இழுவைப் போட்டியில் ப்ரொப்பல்லர் (பின்புறம் நீருக்குள் சுழலும் விசிறி) வைத்த ராட்லர் என்ற கப்பல், சக்கரம் வைத்த அலெக்டோவைப் பின்னுக்கு இழுத்துப் போனது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் தபால் துறை ஏன் பல வருடம் சக்கரத்தையே கட்டிக்கொண்டு இருந்தது? வெறும் பிடிவாதம்தானே?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊர்ப் பலகையில் இருப்பது ரயில்வே மெயில் சர்வீஸ். கப்பலுக்கு முன்னால் வருவது ராயல் மெயில் ஸ்டீமர். விரிவு வேறு, ஆனால் சில கப்பல்களில் வேலை ஒன்றேதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தபால் கப்பல் என்றதும், பயணிகள் கப்பலில் ஓர் ஓரமாகக் கடிதப் பைகளும் கிடந்தன என்று நினைத்துவிட வேண்டாம். பைக்காகத்தான் கப்பலே. 1839இல் இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த சாமுவேல் கியூனார்ட் பிரிட்டிஷ் அரசோடு அட்லாண்டிக் தபாலுக்கு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 55,000 பவுண்டு என்பது முதலில் பேசிய தொகை. அந்தப் பணத்தை நம்பித்தான் நான்கு கப்பல்கள் கட்டப்பட்டன. முதலாவதான பிரிட்டானியா 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலில் கிளம்பி, 12 நாள் 10 மணி நேரத்தில் ஹாலிஃபாக்ஸைத் தொட்டது. அதற்கு முன் எதிர்க்காற்றில் மாட்டிய பாய்மரக் கப்பல் ஆறு வாரம்கூட எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். நிலக்கரி 640 டன். சரக்குக்கு மிஞ்சியது 225 டன். பயணிகள் 115 பேர். நாளுக்கு 38 டன் கரி எரிந்தது. சரக்கையும் பயணிகளையும் மட்டும் நம்பி இப்படி ஒரு கப்பலை ஓட்டினால் கட்டுப்படியாகாது. கடிதம் கொடுத்த பணத்தில்தான் அது ஓடியது.

சக்கரத்தின் கோளாறும் இந்தக் கரியில்தான் ஆரம்பிக்கிறது. பிரிட்டானியாவின் சக்கரம் 28 அடி விட்டம். பலகைகள் சரியான ஆழத்தில் முங்கினால்தான் தள்ளும். கிளம்பும்போது கரிப் பாரத்தில் கப்பல் அமிழ்ந்திருக்கும். சக்கரம் தண்ணீரை மொண்டு மொண்டு திணறும். பத்து நாளில் பாதிக்கு மேல் கரி தீர்ந்து கப்பல் மேலே எழும்பிவிடும். பலகை நுனி மட்டும் தண்ணீரைத் தடவும். அலையில் ஆடினாலோ ஒரு பக்கச் சக்கரம் ஆழத்தில், மறுபக்கச் சக்கரம் காற்றில். 1842 ஜனவரியில் ஒரு பயணத்தில் புயல் சக்கரப் பெட்டியின் பலகைகளையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மூடி இல்லாமல் சுற்றிய சக்கரம் மேல்தளமெங்கும் கடலை வாரி இறைத்தது.

அப்படியானால் ஏன் மாற்றவில்லை? பிடிவாதம் என்று நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ப்ரொப்பல்லருக்குக் கப்பலின் பின்புறம், நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட வேண்டும். அதன் வழியே தண்டு சுழலும்போது உலோகத் தாங்கிகள் சீக்கிரமே தேய்ந்து, தண்ணீர் உள்ளே வரும். மரக்கப்பலில் பின்பக்கமே அதிர்ந்து தளரும். குறித்த நாளில் தபாலைச் சேர்ப்பேன் என்று கையெழுத்துப் போட்டவர் இதை எப்படி நம்புவார்? 1854இல் ஜான் பென் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். லிக்னம் வைட்டே என்று ஒரு மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். அதன் பட்டைகளைத் தாங்கியில் பதித்து, கடல்நீரையே எண்ணெயாகப் பயன்படுத்தினார். தேய்மானம் அடங்கியது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். உலோகத்துக்கு முடியாததை ஒரு மரத்துண்டு செய்தது.

அதற்குப் பிறகும் சக்கரத்தில் தொங்கியது பிடிவாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழியைத் தபால் துறைமேல் போடாதீர்கள். 1837 முதல் 1860 வரை இந்த ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருந்தது கடற்படைத் தலைமை. இன்னொன்றும் உண்டு. தபால் மானியம் இல்லாமல் தொடங்கிய இன்மன் கம்பெனி 1850இலேயே இரும்பு உடலும் ப்ரொப்பல்லருமாகக் கப்பல் விட்டது. சொந்தக் காசில் கரி வாங்குகிறவர்களுக்குக் கணக்கு உடனே புரிந்துவிடும். கியூனார்டின் முதல் ப்ரொப்பல்லர் தபால் கப்பலான சைனா வந்தது 1862இல். அதே வருடம் அவர்களுடைய கடைசிச் சக்கரக் கப்பலான ஸ்கோஷியாவும் வந்தது. ஸ்கோஷியா வேகமானது, அழகானது. ஆனால் அது எரித்த கரியில் பாதியே சைனாவுக்குப் போதுமாக இருந்தது.

குறுகிய கடலில் நிலைமை வேறு. வேல்ஸில் ஹோலிஹெட், எதிரே அயர்லாந்தில் கிங்ஸ்டவுன், இன்றைய டன் லேரி. நடுவே சுமார் 60 மைல். கொஞ்சம் கரி போதும், எனவே கப்பல் அமிழ்வதும் எழும்புவதும் பெரிதாக இல்லை. இங்கே சக்கரம் 1890கள் வரை கௌரவமாக ஓடியது. 1860இல் அல்ஸ்டர், மன்ஸ்டர், லின்ஸ்டர், கானாட் என்று அயர்லாந்தின் நான்கு மாகாணங்களின் பெயரில் நான்கு சக்கரக் கப்பல்கள் வந்தன. ஒப்பந்தப்படி 3 மணி 45 நிமிடத்தில் கடக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 1 பவுண்டு 14 ஷில்லிங் அபராதம். லண்டனிலிருந்து ரயிலில் வரும் பைகள் கப்பலுக்கு மாறும். உள்ளே தனி அறையில் ஊழியர்கள் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துப் போடுவார்கள். கரை சேரும்போது பைகள் அந்தந்த ஊர் ரயிலுக்குத் தயார். உங்கள் ஊர் ஆர்.எம்.எஸ் வண்டியில் நடந்ததும் இதே வேலைதான். கப்பலில் தரை கடலோடு சேர்ந்து ஆடும், அவ்வளவுதான்.

அந்தச் சக்கரக் கப்பல்கள் போன பிறகு, அதே பெயர்களில் ப்ரொப்பல்லர் கப்பல்கள் அந்த வழியில் ஓடின. 1918 அக்டோபர் 10 காலை, புது லின்ஸ்டரை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கியது. தபால் பிரிக்கும் அறை இருந்த பக்கத்தில்தான் அடி விழுந்தது. அன்று அங்கே வேலையில் இருந்த தபால் ஊழியர்கள் 22 பேர். பிழைத்தவர் ஒருவர்.